ஏழு சட்டைகளும் ஒரு துண்டும்

என் மகன் பிறந்து ஐந்து நாட்கள் வரை ஆஸ்பத்திரியை விட்டு எங்களை அனுப்பவில்லை. பார்வைக்கு அவனுக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகப் பால் குடித்தான், அதைவிட நன்றாக அழுதான். தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்ததில் ஜி சிக்ஸ் பி டி குறைவு என்று வந்துவிட்டது. ரத்த அணுக்களைக் காக்கும் ஏதோ ஒன்று அவனுக்குப் பிறவியிலேயே குறைவாம். ஆகாத பொருள் பட்டால் அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும், அதனால் கண்ணெதிரே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவோம் என்றார்கள்.

அந்த ஐந்து நாளும் எனக்கு எரிச்சலாகவே கழிந்தது. சுங்கை லாலாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம்தான். காடியை நிறுத்த இடம் தேடுவதற்கு அதைவிட அதிக நேரம் போகும். பார்வையாளர் நேரம் மதியம் கொஞ்சம், மாலை கொஞ்சம். ஒரு நிமிடம் முன்னால் போனாலும் காவலர் கையைக் குறுக்கே நீட்டுவார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் என்னைப்போல் பத்துப் பதினைந்து அப்பன்மார் பால் பம்ப்பும் சோற்றுப் பொட்டலமும் வைத்துக்கொண்டு நிற்போம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் வார்டின் பெரிய மிஸ்ஸி எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி, நடுவயது மலாய்க்கார அம்மா. ஒரு தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து மலாயில் சொன்னார். சில வகை அவரைக்கொட்டை கூடாது. நாட்டு மருந்து கூடாது. கற்பூரம் கூடாது. துணிக்குள் போடும் அந்துருண்டை கூடவே கூடாது. பழைய அலமாரியிலிருந்து எடுத்த துணியைக் குழந்தைக்குப் போடாதீர்கள், துவைத்தாலும் அது முழுசாகப் போகாது என்று அதை மட்டும் இரண்டு முறை சொன்னார். அப்போது என் காடி இன்னொருவர் காடியை மறித்தபடி நின்றிருந்தது. மிஸ்ஸி சொன்னதை நான் முழுவதும் கேட்டேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. தலையாட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

என் மனைவிக்குத் தாய் இல்லை. பத்தியம் பார்க்க அன்றே என் அக்கா வந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், பாடாங் மேஹாவில் இருக்கிறாள். செம்பனைக் கன்றுகள் வளர்க்கும் நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்பும் வேலை. ஒரு மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு, பூண்டு, நல்லெண்ணெய், பத்தியச் சாமான் எல்லாவற்றோடும் அவள் கணவரான மாமாவின் லாரியில் வந்து இறங்கினாள். வந்த கையோடு சமையலறையைத் தன் வசம் எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை, என் மனைவி குளிக்கப் போயிருந்த நேரத்தில், அக்கா ஒரு பையை என்னிடம் நீட்டினாள். உள்ளே ஏழு சின்னச் சட்டைகள், ஒரு குல்லா, இரண்டு ஜோடிக் கையுறை, ஒரு தடித்த துண்டு. எல்லாம் அளவெடுத்தது போல மடித்திருந்தன.

"புதுசுடா தம்பி. ஒரு தடவகூட யாரும் போடல" என்றாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அக்கா கர்ப்பமாக இருந்தாள். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை. அந்தக் குழந்தைக்கு முன்கூட்டியே துணி வாங்கி வைத்திருந்தாள் என்பதோ, அதை இத்தனை காலம் பத்திரப்படுத்தியிருந்தாள் என்பதோ எனக்குத் தெரியாது. பையைத் திறந்ததுமே வாடை வந்தது. மூக்கின் உச்சியில் போய்க் குத்துகிற அந்த வாடையை யாரும் வேறொன்று என்று நினைத்துக்கொள்ள முடியாது.

ஒரு வார்த்தை போதும். 'அக்கா, இதெல்லாம் புள்ளைக்கு ஆகாதாம்' என்று சொல்லியிருக்கலாம். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "அழகா இருக்குக்கா" என்றேன்.

பிறகு யாரும் பார்க்காதபோது சட்டைகளையும் குல்லாவையும் கையுறைகளையும் மெஷினில் போட்டு இரண்டு முறை துவைத்தேன். மோந்து பார்த்தேன், சோப்பு வாசனைதான் வந்தது. துண்டு தடிமன், வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. காயாது என்று அதை மட்டும் விசிறிக்குக் கீழே விரித்துப் போட்டேன். பூண்டும் எண்ணெயும் மணக்கிற வீட்டில் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று ஓர் எண்ணம். மனைவி கேட்டபோது, "அக்கா கொண்டாந்தது, புதுசு" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் குழந்தையின் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரிகிறதோ என்று ஜன்னலோரம் தூக்கிப் போய்ப் பார்த்தேன். அக்கா, "வெயில்ல கொஞ்ச நேரம் காட்டுனா போயிரும்லா. எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதான்" என்றாள். வாசலில் உட்கார்ந்து காலை வெயிலில் காட்டினாள், அதே துண்டில் சுற்றி.

வீடு வீடாக வந்து பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கும் கிளினிக் மிஸ்ஸி பத்து மணிக்கு வந்தார். இளம்பெண். குழந்தையின் நெற்றியில், நெஞ்சில், முட்டியில் விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். உள்ளங்காலில் அழுத்திப் பார்த்தபோது அங்கேயும் மஞ்சள் தெரிந்தது. "இப்பவே கிளினிக்குக்கு வாங்க" என்றார். கிளினிக்கில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் காமாலையின் அளவைப் பார்த்ததும் கடிதம் எழுதிக் கையில் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகச் சொன்னார்கள். ஆக, மூன்று நாள் முன்பு விட்டுவந்த அதே வார்டுக்குத் திரும்பினோம்.

அங்கே ஓர் இளம் டாக்டர், சீனப் பெண், வேகமாகக் கேள்விகள் கேட்டார். பால் எத்தனை தடவை குடிக்கிறான்? சிறுநீர் எத்தனை தடவை? தாய் ஏதாவது நாட்டு மருந்து சாப்பிட்டாரா? மனைவி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியாக டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்டில் அந்துருண்டை உண்டா? பழைய துணி ஏதாவது?" என்றார்.

"தாக் அடா, டாக்டர்" என்றேன். இல்லை என்று.

ஏன் அப்படிச் சொன்னேன்? துவைத்துவிட்டோமே என்ற தைரியம் பாதி. மனைவி பக்கத்தில் நின்றாள் என்பது மீதி. டாக்டர் எழுதிக்கொண்டார். அவர் பேனா நகர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நொடியில் திருத்தியிருக்கலாம். அந்த நொடி போனதும் அடுத்த நொடி இன்னும் கஷ்டமாகிவிட்டது.

குழந்தையின் சட்டையைக் கழற்றிக் கண்ணைக் கட்டி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக நீல விளக்குக்கு நடுவில் படுக்கவைத்தார்கள். அவன் கண்கட்டைக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தான். மனைவி திரும்பத் திரும்பச் சரிசெய்தாள். பிரசவத் தையல் ஆறாத உடம்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் கொடுக்கிற நேரம் மட்டும் அவனை விளக்கிலிருந்து எடுக்கலாம். எடுத்ததும் குளிரும் என்று வீட்டிலிருந்து கொண்டுவந்த துண்டில் சுற்றிக்கொண்டாள். அந்தத் துண்டு.

இதை எழுதும்போது என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. அன்றைக்கு அதை நான் பார்த்தேன். பார்த்தும், விசிறிக் காற்றில் வாடை பெரும்பாலும் போய்விட்டதே என்று நினைத்தேன்.

மாலை ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததா என்று கேட்டால், "பெலும் லாகி" என்றார்கள், இன்னும் இல்லையாம். அரை மணி கழித்துக் கேட்டேன். மறுபடியும் பெலும் லாகி. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து என்னைக் கிளப்பினார். லிஃப்டுக்கு நிற்கும்போது மனைவியின் செய்தி வந்தது. அளவு கூடியிருக்கிறது.

மறுநாள் மதியம் இன்னும் கூடியது. டாக்டர் இப்போது வேகமாகப் பேசவில்லை. விளக்கு போட்டும் அளவு ஏறுகிறது, ரத்த அணு உள்ளே உடைந்துகொண்டே இருக்கிறது, காரணம் புரியவில்லை என்றார். இன்னும் ஏறினால் மூளையையும் காதையும் பாதிக்கலாம், குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்றார். ஒரு தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். "காரணம் புரியவில்லை" என்று அவர் சொன்னபோது குனிந்துகொண்டேன்.

ஒன்பது நாள் குழந்தை. அவன் உடம்பில் மொத்தமே இரண்டு குவளை ரத்தம்கூட இருக்காது.

இரண்டு மணிக்குக் காவலர் அப்பன்மாரையெல்லாம் வெளியே அனுப்பினார். நான் காடிக்குள் போய் உட்கார்ந்தேன். வெயிலில் நின்றிருந்த காடி அடுப்பு மாதிரி இருந்தது. ஏர்கானைக்கூடப் போடத் தோன்றவில்லை. போனை எடுத்து மனைவிக்கு எழுதினேன்: 'அந்தத் துண்டை எடுத்துரு. ஆஸ்பத்திரித் துணிய யூஸ் பண்ணு.'

'ஏன்?' என்று வந்தது.

'சும்மாதான். க்ளீனா இருக்கும்' என்று எழுதி அழித்தேன். 'மிஸ்ஸி சொன்னாங்க' என்று எழுதி அதையும் அழித்தேன். நான் எழுதுவதும் நிறுத்துவதும் அவளுக்கு அங்கே தெரிந்திருக்கும். அவளே அழைத்துவிட்டாள்.

"என்னா எழுதி எழுதி அழிக்கிறீங்க? சொல்லுங்க."

சொன்னேன். பை, வாடை, இரண்டு முறை துவைத்தது, துவைக்காத துண்டு, எல்லாம். அக்காவின் குழந்தைக்கென்று வாங்கியது என்பதையும் சொன்னேன். அதைச் சொன்னால் என் குற்றம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன் போலும்.

அந்தப் பக்கம் ஏதோ குழந்தை அழுதது. எங்கள் குழந்தையா என்று தெரியவில்லை.

"டாக்டர் உங்களப் பார்த்துத்தான கேட்டாங்க?" என்றாள்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்து நடந்ததெல்லாம் அவளே செய்தது. துண்டை எடுத்துக்கொண்டு பெரிய மிஸ்ஸியிடம் போயிருக்கிறாள். மிஸ்ஸி அதை முகத்தருகே கொண்டுபோய்விட்டு, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தாராம். குழந்தையை நன்றாகத் துடைத்துக் குளிப்பாட்டி, ஆஸ்பத்திரித் துணியில் சுற்றினார்கள். மனைவியின் சட்டையையும் மாற்றச் சொன்னார்கள். டாக்டர் என்னைப் போனில் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "எத்தனை நாள் போட்டீர்கள்? எந்த எந்தத் துணி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு, "இதை நேற்றே சொல்லியிருந்தால் எங்களுக்கு உதவியாக இருந்திருக்கும்" என்றார். திட்டியிருக்கலாம்.

நான் வீட்டுக்கு ஓட்டினேன். வழியெல்லாம் கோபம். முன்னால் ஊர்ந்த லாரிமேல், சிவப்பு விளக்குமேல், கடைசியில் அக்காமேல். துணியை யார் கொண்டுவரச் சொன்னது? எட்டு வருடமாக யார் பூட்டிவைக்கச் சொன்னது? வீட்டுக்குள் நுழையும்போது அந்தக் கோபம் முழுசாகத் தயாராக இருந்தது.

அக்கா சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் அறைக்குள் போய்ச் சட்டைகளையெல்லாம் வாரி ஒரு குப்பைப் பைக்குள் திணித்தேன். அவள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்னாடா பண்றே?"

"இதாலதான் புள்ளைக்கு ஏறுது! அந்துருண்டை போட்டு வச்சியே, அதுதான் அவன் ரத்தத்த உடைக்குது. ரத்தம் மாத்தணும்ங்கிறாங்க!"

கத்தித்தான் சொன்னேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்துருண்டை ஆகாதுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"எப்ப?"

"வீட்டுக்கு அனுப்புறப்ப."

"அப்ப நான் பைய குடுக்கும்போது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பின்ன ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ... உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்."

அக்காவின் குரல் உயரவே இல்லை. "சொல்லியிருந்தா நானே அந்த நிமிஷம் எடுத்துட்டுப் போயிருப்பேன். ஒரு புள்ளைய பறிகுடுத்தவ நான். இன்னொரு புள்ளைக்கு ஆகாதுன்னா புடிச்சிக்கிட்டு நிப்பேனா? என்னைய என்னான்னு நெனச்சே நீ?"

இத்தனை நாள் அக்காவை நான் உடைந்துபோகிற பாத்திரமாகவே வைத்துப் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில், பெயர் வைக்கும் விருந்தில், எங்கேயும் அவள் முன்னால் குழந்தைப் பேச்சை எடுக்கமாட்டோம். அதை அன்பு என்று நினைத்திருந்தேன். பேச எனக்குத் துணிச்சல் இல்லாததற்கு வைத்த நல்ல பெயர் அது என்று அந்தச் சமையலறை வாசலில்தான் விளங்கியது. மீன் கருகும் வாசனை வந்தது. அக்கா போய் அடுப்பை அணைத்தாள்.

பிறகு அவள் பையை என் கையிலிருந்து வாங்கி வெளியே கொண்டுபோய் வைத்தாள். சட்டைகள் இருந்த தட்டைத் துடைத்தாள். குழந்தையின் மெத்தை உறை, தொட்டில் சேலை எல்லாவற்றையும் உருவி எறிந்தாள். "கடைக்குப் போயி புதுசு வாங்கிட்டு வா. நின்னுக்கிட்டு இருக்காத" என்றாள். நான் போனேன்.

மாலை, பார்வையாளர் நேரத்துக்கு அக்காவும் என்னோடு வந்தாள். ஒரு கட்டிலுக்கு ஒருவர்தான் என்று காவலர் சொன்னார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா சோற்றுத் தூக்கோடு உள்ளே போய்விட்டாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அங்கிருந்து கட்டில் தெரியாது, நீல வெளிச்சம் மட்டும் சுவரில் தெரியும். அரை மணி நேரம் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. வெளியே வந்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது. தூக்கு காலியாக இருந்தது. "சாப்ட்டா" என்றாள். அவ்வளவுதான்.

அன்று எடுத்த ரத்தத்தில் அளவு ஏறவில்லை. இறங்கவும் இல்லை. மாற்றுவதற்கு ரத்தம் தயாராக இருந்தது, அடுத்த முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அடுத்ததில் கொஞ்சம் இறங்கியது. டாக்டர் உடனே சந்தோஷப்படவில்லை, அதனால் நாங்களும் படவில்லை. மறுநாள் நன்றாகவே இறங்கியது. கீழ் விளக்கை எடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் மேல் விளக்கையும் அணைத்துவிட்டு, திரும்ப ஏறுகிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தார்கள். ஏறவில்லை. ரத்தம் மாற்ற வேண்டியிராமல் தப்பினான். குதிகால் இரண்டிலும் ஊசி குத்திய புள்ளிகள் மட்டும் பழுப்பாக இருந்தன.

அந்த நாட்களில் மனைவி என்னோடு வேலை விஷயம் மட்டும் பேசினாள். பேம்பர்ஸ் கொண்டு வாங்க. பம்ப் புட்டியைக் கழுவிக் கொண்டு வாங்க. ஒரு மாலை நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"துணி போட்டது தப்பு. அதக்கூட வுட்டுர்லாம். நான் அந்தத் துண்டுல புள்ளைய சுத்தி நெஞ்சோட வச்சிருந்தேன். நீங்க பார்த்துக்கிட்டே நின்னீங்க. அதத்தான் என்னால தாங்க முடியல" என்றாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது பெரிய மிஸ்ஸி மறுபடி அந்தத் தாளைக் கொடுத்தார். மனைவியின் கையில் கொடுத்தார். என்னைப் பார்த்து, "இந்த முறை காடி எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்?" என்றார். அவர் அன்றே கவனித்திருக்கிறார்.

அக்கா மாதம் முடியும்வரை இருந்தாள். மனைவியும் அவளும் சேர்ந்து சிரிப்பது சில நேரம் கேட்கும், நான் உள்ளே போனால் நின்றுவிடும். குப்பைப் பையை அக்கா எறியவில்லை, திரும்பப் போகும்போது மாமாவின் லாரியில் எடுத்துப்போனாள். மனைவிதான் கட்டிக் கொடுத்தாள், நல்ல கயிறு போட்டு.

காது கேட்கும் சோதனைக்கு மூன்றாம் மாதத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை நான் வீட்டில் கதவைப் பலமாகச் சாத்துவேன், கரண்டியைக் கீழே போடுவேன், அவன் திடுக்கிடுகிறானா என்று பார்க்க. தூங்கவைத்த பிள்ளையை எழுப்பிவிட்டதற்கு ஒவ்வொரு முறையும் வாங்கிக் கட்டிக்கொள்வேன். சோதனையில் இரண்டு காதும் சரியாக இருந்தன.

இப்போது அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கிறான். மனைவி என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிப் புத்தகமும் தாளும் அவளுடைய பையில்தான் இருக்கின்றன, கிளினிக்குக்கு அவளேதான் காடி ஓட்டிக்கொண்டு போகிறாள். எனக்கு வந்த பழக்கம் வேறு. எது தெரிந்தாலும் உடனே போய்ச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் ஷிப்ட் மாறியது, பக்கத்து வீட்டுக்காரர் குழந்தைக்குப் பிஸ்கட் கொடுத்தது, பாசாரில் வாங்கிய கீரையில் புழு இருந்தது, எல்லாம்.

போன வாரம் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது, காடியின் பின் டயரில் காற்று கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சொல்லப் போனேன்.

"இதையெல்லாம் எதுக்குங்க எங்கிட்ட வந்து சொல்றீங்க?" என்று எரிந்து விழுந்தாள். "போயி காத்து அடிங்க."